கேமராவுக்கு இடப்பக்கம்

செத்துப்போன புருஷனோடு மறுபடி குடித்தனம் நடத்த வா என்று யாராவது கார் அனுப்பினால் நீங்கள் போவீர்களா? நான் போனேன். அறுபது வயதில் வேறு யார் எனக்குக் கார் அனுப்பப் போகிறார்கள்?

புருஷன் என்றால் சினிமாப் புருஷன். நிஜப் புருஷன் வீட்டில் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். எத்தனை நாள் ஷூட்டிங் என்று கேட்டார். சொன்னேன். அத்தனை நாளும் ஹோட்டல் சாப்பாடா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய கவலை.

'செத்தாலும் மாப்பிள்ளை' படம் பார்க்காதவர்கள் உங்களில் இருக்கமாட்டார்கள். தீபாவளி வந்தால் ஏதாவது ஒரு சேனலில் அது ஓடியே தீரும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புது மாப்பிள்ளை ஒருவன் தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறான். விடியற்காலையில் கிணற்றடியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வழுக்கி விழுந்து செத்துப்போகிறான். பாதித் தலைக்குத்தான் சீயக்காய் போட்டிருந்தான். இடுப்பில் ஈரத் துண்டு. அதே கோலத்தில் பேயாகத் திரும்பி வருகிறான். எதற்கு? பழி வாங்கவா? இல்லை. மாமனார் போடுவதாகச் சொன்ன மோதிரத்துக்கு. படம் முழுக்க அவன் கேட்கிற ஒரே கேள்வி, "அதெல்லாம் சரி, மோதிரம் என்னாச்சு?" என்பதுதான். தமிழ்நாட்டில் அந்த வசனத்தைச் சொல்லாத ஒரு கல்யாண வீட்டை நான் பார்த்ததில்லை.

அந்த மாப்பிள்ளையாக நடித்தவர் குளித்தலை சிகாமணி. அவருடைய பெண்டாட்டி அலமேலுவாக நடித்தவள் இந்த வனமாலா. படம் வெளிவருவதற்கு முன்பே சிகாமணி அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஜனங்கள் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே வந்து போஸ்டரைப் பார்த்து அழுதார்கள்.

இப்போது முப்பத்து நாலு வருஷம் கழித்து, அதே டைரக்டர் மகுடபதி, இரண்டாம் பாகம் எடுக்கிறார். பேயாக நடிக்கப்போவதும் சிகாமணி அண்ணன்தான்.

"ஏம்மா, செத்தவரை எப்படிம்மா கூட்டிட்டு வருவீங்க?" என்று முதல் நாள் நான் கேட்டது நப்பின்னையிடம். தரமணியில் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் அவள். முப்பது வயதிருக்கும். சாப்பிடவே மறந்துபோகிற ரகம். முதல் நாளே என் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லியை அவள் தட்டில் வைத்தேன்.

"கூட்டிட்டெல்லாம் வரல மேடம். அவர் நடிச்ச எல்லாப் படத்தையும் போட்டு மெஷினுக்குப் பழக்கியிருக்கோம். எப்ப புருவம் தூக்குவார், எப்ப பேசாம இருப்பார், எதுக்கு எப்படித் திரும்புவார், எல்லாம். வசனம் எழுதித் தர வேண்டாம். இதுதான் காட்சின்னு சொல்லிட்டா போதும். நீங்க பேசுங்க, அவர் பதில் பேசுவார்."

"என்னைப் பார்ப்பாரா?"

"பார்ப்பார். மேல எட்டு கேமரா இருக்கு பாருங்க. அதான் அவர் கண்ணு."

நான் நம்பவில்லை. இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. முகத்தை மட்டும் ஒட்டவைத்து, பொம்மை மாதிரி தலையாட்ட வைப்பார்கள். சிகாமணி அண்ணனின் வித்தை முகத்தில் இல்லை. எதிராளி பேசி முடித்ததும் அரை மூச்சு சும்மா இருப்பார். அந்த அரை மூச்சில் தியேட்டரே நம்மைப் பார்க்கும். நாம் பெரிய நடிகை என்று நமக்கே ஒரு நினைப்பு வரும். அதற்கப்புறம்தான் அவர் வாயைத் திறப்பார். கூட நடிக்கிறவருக்கு இப்படி இடம் விட்டுக் கொடுத்த காமெடியனை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அதையெல்லாம் ஒரு பெட்டிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்?

விளக்குகள் எரிந்தன. சிகாமணி அண்ணன் கூடத்து நடுவில் வந்து நின்றார். அதே ஈரத் துண்டு, அதே பாதித் தலைச் சீயக்காய், அதே முப்பத்தெட்டு வயது. வெறும் வெளிச்சத்தால் ஆன உருவம், தொட்டால் கை உள்ளே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு அடி பின்வாங்கினேன். ஆனால் நானும் சும்மா இல்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைப் போட்டேன்.

"மோதிரத்துக்கு வந்தீங்களா, பொண்டாட்டியைப் பார்க்க வந்தீங்களா?"

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அரை மூச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரை மூச்சு இருந்தது.

"பொண்டாட்டியைப் பார்க்கத்தான் வந்தேன். அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க அத்தை."

செட்டில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். லைட்மேன் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னை மாமியாராக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. நேராக நப்பின்னையிடம் போய், "நீ நல்லா இருப்பே" என்று அவள் கன்னத்தைத் தடவினேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவே இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள் என்றேன். ஒருவன் சிரிக்கவில்லை. என் தம்பியாக நடிக்கிற முத்துக்கருப்பன், இந்தக் காலத்துக் காமெடி நடிகன், நல்ல பையன். இடைவேளையில் டீயை ஆற்றிக்கொண்டே என்னிடம் சொன்னான். "அவர் கால் தூசிக்கு நான் ஆக மாட்டேன்க்கா. ஒத்துக்கறேன். ஆனா செத்தவங்களே திரும்பி வந்து நடிச்சா, நாங்க எப்பக்கா கத்துக்கிட்டு மேல வர்றது?" அவன் டம்ளரில் என் பங்கு டீயையும் ஊற்றினேன்.

ஆனால் படத்தின் தலையெழுத்து முத்துக்கருப்பன் கையிலும் இல்லை, டைரக்டர் கையிலும் இல்லை. அது கயல் கையில் இருந்தது.

கயல் என்கிற அங்கயற்கண்ணி, சிகாமணி அண்ணனின் ஒரே மகள். அவர் போனபோது அவளுக்கு ஒரு வயசு சொச்சம். இப்போது கரூரில் கால்நடை மருத்துவர். அப்பாவின் உருவத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவள்தான் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பாள். இது எங்கப்பாதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை என்றால் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கொள்வாள். அதோடு படம் நின்றுவிடும். தயாரிப்பாளர் அந்த நிபந்தனைக்குத் தலையாட்டியதிலிருந்து தூக்கமில்லாமல் அலைந்தார்.

அவள் எந்த நாள் வர வேண்டும் என்பதை டைரக்டர்தான் முடிவு செய்தார். கிணற்றடிக் காட்சி எடுக்கிற நாள்.

அந்தக் காட்சியை மறுபடி எடுப்பதே யாருக்கும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வழுக்கி விழுந்து சாகிற காட்சி. அதுதான் பழைய படத்திலேயே இருக்கிறதே! "அதையே வெட்டி ஒட்டிட்டா போதுமே சார்" என்று தயாரிப்பாளர் கெஞ்சினார். மகுடபதி அசைந்து கொடுக்கவில்லை. எழுபத்தைந்து வயதில் மனுஷனுக்குப் பிடிவாதம் மட்டும் வாலிபமாக இருந்தது. கிணறு கட்டினார்கள், துவைக்கிற கல் போட்டார்கள். என் முகத்தைக் கம்ப்யூட்டரில் இளமையாக்கிக்கொள்ளலாமாம். தலைமுடியையும் அப்படியே செய்துவிடலாம் என்றாள் நப்பின்னை. "முடி மட்டும் வேண்டாம். வனமாலாவுக்கு சவுரி வைங்க" என்றார் டைரக்டர். முகத்தைக் கம்ப்யூட்டருக்கு விட்டுக்கொடுத்த மனிதர் ஒரு சவுரிக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வைத்துக்கொண்டேன். நமைச்சல் தாங்கவில்லை.

கயல் காலையிலேயே வந்துவிட்டாள். சிகாமணி அண்ணனின் அதே தாடை, அதே இறுகிய வாய். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"அவர்தான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பே? உனக்கு ஞாபகமே இருக்காதே."

"அதுதாங்க எனக்கும் தெரியல" என்றாள். "ஊரையெல்லாம் சிரிக்க வச்சார்ங்கிறாங்க. எங்க வீட்ல இருக்கற ஒரு போட்டோவுல கூட அவர் சிரிக்கல. அம்மா டீச்சர், ஷூட்டிங் பக்கமே வந்ததில்ல. வீட்டுக்கு வந்தா உம்முன்னு உக்காந்திருப்பார், பேசவே மாட்டார்னு சொல்லிச் சொல்லியே அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. என்னைப் பத்தி என்ன சொன்னார்னு கேட்டா, ஒண்ணும் சொல்லலையேம்பாங்க" என்றாள்.

கயல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவருக்கு என்னைப் பிடிச்சிருந்துதான்னு தெரியணும்ங்க. அவ்வளவுதான். சினிமாவுல வர்ற அப்பா எல்லாருக்கும் இருக்கார். எனக்கு எதுக்கு இன்னொரு சினிமா?"

எனக்கு ஏதோ ஞாபகம் வர ஆரம்பித்தது. அதற்குள் ஷாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சிகாமணி அண்ணன் கிணற்றடியில் பிணமாகக் கிடந்தார். ஊர்க்காரர்கள் அதற்குள் போட்ட மாலை மார்பில். நான் ஓடிவந்து அவர்மேல் விழுந்து அழ வேண்டும். விழுந்தது வெறும் சிமெண்டுத் தரையில், முழங்கை சிராய்த்துக்கொண்டது. அழுகை பிரமாதமாக வந்தது. "கட்" என்றார் டைரக்டர்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

மேக்கப் போடுகிற பெண் ஒருத்தி வீல் என்று அலறினாள். நப்பின்னை பதறிப்போய்த் தன் மேஜைக்கு ஓடினாள். சிகாமணி அண்ணன் யாரையும் சட்டை செய்யவில்லை. கேமராவைப் பார்த்தார். பிறகு கேமராவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மெல்ல முகம் வாடியது. பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம் மாதிரி.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் எழுந்தார், பார்த்தார், காத்திருந்தார். மூன்றாவது தடவையும் அதே. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாரி சார்" என்றாள் நப்பின்னை. அழுதுவிடுவாள் போலிருந்தது. "பழகறதுக்குப் போட்ட பழைய ரஷ்ல, அதான் வெட்டாத பிலிம்ல, ஏதோ தப்பான துண்டு கலந்திருக்கு. எல்லாமே சாவுக் காட்சி நம்பரோட இருந்ததால மெஷின் இதையும் சாவுல ஒரு பகுதின்னு நினைச்சுக்குது. செத்தா எழுந்து உக்காரணும்னு கத்துக்கிட்டிருக்கு. ராத்திரிக்குள்ள அதை அழிச்சிடறேன்."

"அழிச்சே, உன் கையை ஒடிப்பேன்!" என்று நான் கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அவளிடம் போனேன்.

"அது தப்பு இல்லடி பாப்பா. அது சிரிப்பு ஷாட்."

சினிமாக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி இது. தரமணிக்காரிக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் கயலுக்கும் சேர்த்தே சொன்னேன். எங்கள் தொழிலில் யாராவது பிணமாக நடித்தால், மாலை போட்டுப் படுத்தால், அந்தக் காட்சி முடிந்த கையோடு கேமராவை மறுபடி ஓடவிடுவார்கள். நடிகர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சாவு நடிப்போடு போகட்டும், ஆள்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. அந்தத் துண்டு படத்தில் வராது. யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் எடுக்காமல் விட மாட்டார்கள்.

"அப்ப இவர் ஏன் சிரிக்கல?" என்று கேட்டாள் கயல்.

"அதாம்மா வேடிக்கை. உங்கப்பாவுக்குச் சிரிக்க வராது. நடிக்கச் சொன்னா நூறு விதமாச் சிரிப்பார். சும்மா சிரிங்கன்னா மூஞ்சி மரக்கட்டை மாதிரி ஆயிடும். முதல் தடவை பாவம், நாங்கல்லாம் என்னென்னவோ குரங்கு சேஷ்டை பண்ணிப் பார்த்தோம். ஒண்ணும் நடக்கல. அன்னைக்கு உங்கம்மா ஸ்கூலுக்குப் போயிட்டதால உன்னைத் தூக்கிட்டு வந்திருந்தார். ஆயா கையில நீ கத்து கத்துன்னு கத்தினே. நான் வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு, கேமராவுக்குப் பக்கத்துல, இந்தா, இந்த இடப்பக்கமா நின்னேன். அவர் உன்னைப் பார்த்தார்."

கயல் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிரிச்சார்ம்மா. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தப் படத்துலயும் பார்த்ததில்ல. அதுக்கப்புறம் அவர் பிணமா நடிக்கிற ஒவ்வொரு தடவையும் உன்னைத் தூக்கிட்டு நான் அங்க போய் நிப்பேன். கேமராமேன் விளையாட்டா கேமராவைத் திருப்பி நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிப்பார். அதுதான் வழக்கமாப் போச்சு."

கயல் நப்பின்னை பக்கம் திரும்பினாள். "அந்தத் துண்டுகளை எனக்குக் காட்டுங்க."

நப்பின்னை தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க. நெகட்டிவ் எல்லாம் புளிச்சு வாடை அடிச்சுப் போச்சு. ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடிஞ்சது, அதோட பொடிஞ்சு போச்சு. மெஷின் பழகினதும், படத்துல வராத துண்டெல்லாம் வேணாம்னு பதிவையும் அழிச்சிட்டோம். இப்ப அது எங்கேயும் இல்ல." நிமிர்ந்து, "இவர்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று கிணற்றடியைக் காட்டினாள்.

அங்கே அவர் இன்னும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கயல் எழுந்தாள். யாரும் சொல்லாமலே கேமராவுக்கு இடப்பக்கம் போய் நின்றாள். அவர் பார்வை அவள்மேல் விழுந்தது. வீட்டுக்கு வந்த வேற்றாளைப் பார்ப்பதுபோல மரியாதையாக ஒரு முறை பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். முகம் வாடியது.

"தெரியலைங்க" என்றாள் கயல். குரல் உடைந்துவிட்டது. "அவர் குழந்தையைத் தேடறார். நான் மாடுகளுக்கு ஊசி போடற பொம்பளை. என்னை எப்படித் தெரியும்? விடுங்க. நான் கிளம்பறேன். மன்னிச்சுக்குங்க சார், எனக்கு இது வேண்டாம். நிறுத்திடுங்க."

தயாரிப்பாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதுதான் மகுடபதி வாயைத் திறந்தார்.

"வனமாலா, நீயும் போய் நில்லு."

"நான் நின்னு என்ன ஆகப்போகுது டைரக்டரே?"

"அவன் குழந்தையை மட்டும் எப்பவும் பார்த்ததில்லை. உன் இடுப்புல இருந்த குழந்தையைத்தான் பார்த்தான். போய் நில்லு."

போனேன். கயல் என்னைவிட ஒரு சாண் உயரம். இடுப்பிலா வைத்துக்கொள்ள முடியும்? அவள் இடுப்பில் கை போட்டு இழுத்து என்மேல் சாய்த்துக்கொண்டேன். "குனிடி" என்றேன். குனிந்தாள், அவள் தலை என் தோளில் பட்டது. கண்ணீர் என் ரவிக்கையை நனைத்தது. சிகாமணி அண்ணன் எங்களைப் பார்த்தார். அந்த மரியாதைப் பார்வை கொஞ்சம் மாறியது. ஆனால் சிரிக்கவில்லை. எதற்கோ காத்திருந்தார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. சவுரி!

"அடியே, நீ அன்னைக்கு என்ன பண்ணுவே தெரியுமா? என் தலையைப் பிடிச்சு இழுப்பே. ராட்சசி மாதிரி இழுப்பே. இழு."

"என்னங்க?"

"இழுடீங்கறேன்!"

இழுத்தாள். மாட்டைப் பிடித்துப் பழகிய கை அல்லவா? சவுரி கொண்டையோடு பிய்த்துக்கொண்டு அவள் கைக்குப் போய்விட்டது. நான் "ஐயோ!" என்று அலறினேன். நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. என் நரைத்த குட்டை முடி நாலு பக்கமும் குத்திட்டு நின்றது. கயல் கையில் சவுரியோடு திகைத்துப்போய் நின்றாள்.

சிகாமணி அண்ணன் சிரித்தார்.

எப்படிச் சொல்வது? அது ஒரு காமெடியனின் சிரிப்பு இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்ததும் குழந்தை ஓடிவந்தால் ஒரு தகப்பன் சிரிப்பானே, அது. முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது. நேராகக் கயலைப் பார்த்து உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை.

"ஏன் குரல் வரல?" என்று கயல் பதறினாள். "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?"

"அந்தக் காலத்துல ஷூட்டிங்ல குரல் பதிவு பண்ண மாட்டாங்க, அப்புறமாத்தான் டப்பிங்" என்றாள் நப்பின்னை. "படத்துல வராத துண்டுக்கு டப்பிங்கும் இல்ல. அதனால மெஷினுக்கு அந்த வார்த்தையே தெரியாது. உதடு மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றேன். எத்தனை தடவை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்! "ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட அதையேதான் சொல்லுவார். 'சிரிச்சுட்டேன்டி, போதுமா?'"

கயல் சவுரியை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை. முத்துக்கருப்பன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினான்.

மகுடபதி மெதுவாக எழுந்து வந்தார். கைத்தடியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"பழைய ரஷ் அவ்வளவையும் போடுன்னு சொன்னது நான்தான். வேஸ்ட்டு எதுக்குன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றார். பிறகு கயலிடம், "இதே காட்சியைத்தாம்மா நாங்க அப்ப கடைசியா எடுத்தோம். இதே கிணத்தடி. வனமாலா அவ பங்கு முடிஞ்சதும் வேற ஷூட்டிங்குக்கு ஓடிட்டா. உனக்குக் காய்ச்சல்னு உங்கம்மா லீவு போட்டு வீட்லயே வச்சுக்கிட்டாங்க. நான் சிரிப்பு ஷாட்டுக்குக் கேமராவை ஓட்டச் சொன்னேன். எழுந்து உக்காந்தான். இந்தப் பக்கம் பார்த்தான். நீ இல்ல. காத்திருந்தான். சிரிப்பு வரல. ஃபிலிம் ஓடுது, எவ்வளவு நேரம் விட முடியும்? கட் சொல்லிட்டேன். நாளைக்குப் பாப்பாவை வச்சு எடுத்துக்கலாம் சார்னான். மறுநாள் செட்டைப் பிரிச்சிட்டாங்க. டப்பிங் முடிச்ச வாரம் போயிட்டான்."

நப்பின்னை வாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப அவர் காத்திருந்தது..."

"அது உன் மெஷின் பண்ணின தப்பு இல்லம்மா. அன்னைக்கு அவன் நிஜமாவே காத்திருந்தான்." மகுடபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதனாலதான் செத்தான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா அந்த ஒரு ஷாட் பாக்கி. ரெண்டாம் பாகம் எடு, எடுன்னு ஊரே கேட்டுது. அவன் இல்லாம எதை எடுக்கறது? இப்பத்தான் வழி கிடைச்சுது."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் கயல்.

"உங்கப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும்னு ஒரு கிழவன் வந்து சொன்னா நீ நம்பியிருப்பியா? நீ இல்லாம அவனுக்குச் சிரிக்க வராது. அதைக் கண்ணால பார்த்தாத்தான் தெரியும்."

கயல் சம்மதத்தை வாபஸ் வாங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு படத்தில் வரக்கூடாது, விளம்பரத்தில் வரக்கூடாது. யாரும் காசு கொடுத்துப் பார்க்கக்கூடாது. சிரிப்பு ஷாட் என்றைக்கம்மா படத்தில் வந்திருக்கிறது என்றார் டைரக்டர். நப்பின்னை அதை ஒரு பிரதி எடுத்து அவளிடம் கொடுத்தாள். சவுரியையும் கயல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கரூரில் ஒரு மாட்டாஸ்பத்திரி அலமாரியில் என் கொண்டை இருக்கிறது.

அதற்கப்புறம் படம் மளமளவென்று முடிந்தது. கடைசிக் காட்சியில் அலமேலுவும் செத்துப்போகிறாள். கிழவியாகி, நிம்மதியாக, தூக்கத்தில். மாப்பிள்ளை வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறார். அதோடு படம் முடிகிறது. மாலை போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். ஊரே கூடி அழுதது. முத்துக்கருப்பன் என் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு அழுகை அழுதான் பாருங்கள், செத்துக் கிடந்த எனக்கே சிரிப்பு வந்தது. அப்போது அவன் அரை மூச்சு நிறுத்தினான். எங்கே கற்றுக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே சபாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

"கட். ஓகே" என்றார் டைரக்டர். வெளியே படம் முடிந்ததற்குப் பூசணிக்காய் உடைக்கத் தயாராக இருந்தார்கள். "கேமரா ஓடட்டும். வனமாலா, சிரி."

எழுந்து உட்கார்ந்தேன். சிரிக்கலாம் என்று பார்த்தால் வாய் கோணுகிறது, சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு இப்படி ஆனதே இல்லை. அறுபது வயதில் மாலை போட்டுப் படுத்துப் பாருங்கள், தெரியும். பூ வாடை மூக்கிலேயே நிற்கிறது. எல்லோரும் காத்திருந்தார்கள். கேமராவைப் பார்த்தேன். பிறகு என் பார்வை தானாக இடப்பக்கம் போனது.

அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். ஈரத் துண்டு, பாதித் தலைச் சீயக்காய். நப்பின்னை தன் மேஜைக்குப் பின்னால் எதுவும் தெரியாதவள் மாதிரி குனிந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே செய்தாள்.

சிகாமணி அண்ணன் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். என் மாலையைப் பார்த்தார். அரை மூச்சு நின்றார்.

"அதெல்லாம் சரி அலமு, மோதிரம் என்னாச்சு?"

வெடித்துச் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மாலை பிய்ந்து பூவெல்லாம் கொட்டச் சிரித்தேன். அவர் பேசாமல் நின்று நான் சிரித்து முடிக்கும்வரை இடம் விட்டார்.

"சிரிச்சுட்டேன்ண்ணே, போதுமா?" என்றேன்.